வெப்பத்துக்கு ஒரு வரம்பு: குடியிருப்பில் குளிர்ச்சியைச் சட்டம் கட்டாயமாக்கலாமா?

ஒரு குடியிருப்பில் என்னென்ன இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் வகுப்பது நமக்குப் புதிதல்ல. ஜன்னலின் பரப்பு, கூரையின் உயரம், கழிப்பறை, படிக்கட்டின் அகலம், மழைநீர் சேகரிப்பு என்று அந்தப் பட்டியல் காலத்துக்குக் காலம் நீண்டே வந்திருக்கிறது. குளிர்ச்சியையும் அதில் சேர்க்கலாமா என்ற கேள்வி இப்போது பல நாடுகளில் எழுந்திருக்கிறது. வாடகை வீட்டில் குளிர்சாதன வசதி வேண்டும் என்று அமெரிக்காவின் சில நகரங்களும், தொழிலாளர் குடியிருப்பில் அது வேண்டும் என்று வளைகுடா நாடுகள் சிலவும் விதி செய்துள்ளன. தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி கிடையாது. 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மழைநீர் சேகரிப்பைக் கேட்கின்றன, சூரிய ஆற்றல் வசதியைக் கேட்கின்றன. படுக்கும் அறை எவ்வளவு சூடாகலாம் என்று கேட்பதில்லை. 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எந்தப் பழுதை வீட்டுக்காரர் பார்ப்பது, எதைக் குடியிருப்பவர் பார்ப்பது என்று பிரித்துச் சொல்கிறது. வெப்பம் அதில் இல்லை. 2016-ன் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு வீட்டு ஏ.சி.யைக் குறிப்பிடும் ஓர் இடம் கவனிக்கத்தக்கது. வசிக்கும் அறையின் உயரம் 2.75 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது அது. அறை குளிர்சாதன வசதி கொண்டதானால் 2.4 மீட்டர் போதும் என்கிறது. அதாவது, இங்கே ஏ.சி. ஒரு கடமையாக நுழையவில்லை, கூரையைத் தாழ்த்திக்கொள்ளக் கிடைத்த சலுகையாக நுழைந்திருக்கிறது.

இந்தக் கேள்வியை ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியை வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. கட்டாய ஏ.சி. சட்டத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் சொல்லப்படும் வாதங்கள் ஒவ்வொன்றும் இந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் சோதனைக்கு உள்ளாகின்றன. சட்டம் இயந்திரத்தைக் கேட்பதைவிட, உறங்கும் நேரத்தில் அறையின் வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்ற விளைவைக் கேட்பதே பொருத்தம் என்பதும், அந்தக் கடமை முதலில் ஆலைகள் நடத்தும் விடுதிகள் மீதும் பி.ஜி. எனப்படும் தனியார் கட்டண விடுதிகளில் பெரியவற்றின் மீதும் விழ வேண்டும் என்பதும் இக்கட்டுரை வந்தடையும் முடிவு. அதற்கு முன், இதுவரை சொல்லப்பட்ட விடைகளை அவற்றின் பலத்தோடும் பலவீனத்தோடும் பார்க்க வேண்டும்.

மேட்டு நிலமும் அடிவாரமும்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரம் 500 மீட்டரை ஒட்டி. உயரம் கூடக் கூட காற்றின் வெப்பம் ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குச் சற்று மேல் குறையும் என்ற பொதுக் கணக்கின்படி, ஒரே நாளில் இரு ஊர்களுக்கும் இடையே இரண்டரை டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு. ஆங்கிலேய அதிகாரிகள் ஓசூரை ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்த காலமும் உண்டு. சித்திரை வெயிலிலும் அங்கே இரவுக் காற்று இறங்கிக் குளிர்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரைப் பக்கம் வந்துவிட்டால் நிலைமை வேறு: பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகின்றன, கோடையில் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் அங்கே அரிதல்ல. 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு தட்பவெப்பங்கள் இருக்கின்றன.

1970-களில் மாநில அரசின் சிப்காட் தொழில் வளாகம் வந்த பிறகு வாகனம், கைக்கடிகாரம், உதிரிபாகம் என்று ஓசூர் தொழில் நகரமானது. 2019-ல் மாநகராட்சியும் ஆனது. சமீப ஆண்டுகளில் மின்சார இருசக்கர வாகனமும் எலக்ட்ரானிக்ஸ் உற்பத்தியும் சூளகிரி, போச்சம்பள்ளி, கெலமங்கலம், தளி வரை பரவிவிட்டன. அவற்றோடு வந்தவர்கள் தென் மாவட்டங்களின் இளம்பெண்கள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலத் தொழிலாளர்கள். இவர்கள் தங்குவது நிறுவன விடுதியில், பி.ஜி.யில், அல்லது மூக்கண்டபள்ளி, பேகேபள்ளி, ஜூஜூவாடிப் பக்கத்து லைன் வீடுகளில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வாடகை வீடுகள்). அந்த வீடுகளின் கூரை பெரும்பாலும் சிமெண்ட் ஷீட்டாகவோ, மேலே தட்டோடு பதிக்காத வெறும் கான்கிரீட்டாகவோ இருக்கும். ஊருக்கு வெளியே திண்ணையில் மர நிழலில் காற்று இதமாக இருக்கும் அதே மதியத்தில் ஷீட்டுக்குக் கீழே இருக்கும் அறை பொறுக்க முடியாததாக ஆகிவிடுகிறது. ‘ஓசூரில் எதற்கு ஏ.சி.?’ என்று கேட்பவர்கள் ஊரின் வெப்பநிலையைச் சொல்கிறார்கள். தொழிலாளி படுப்பது அறையின் வெப்பநிலையில். வானிலை நிலையத்தின் நிழல் அளவீடு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

காற்றோட்டம் என்ற பழைய விடை

வீட்டு வெப்பம் பற்றி நம் சட்டங்கள் வைத்திருக்கும் மிகப் பழைய விடை காற்றோட்டம்தான். அது வெப்பத்தை எண்ணிப் பிறந்ததும் அல்ல. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று நம்பப்பட்ட 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில், 1875-ன் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் ஜன்னலும் திறந்தவெளியும் கட்டாயமாயின. அந்தச் சிந்தனை நம் நகராட்சிச் சட்டங்களுக்குள்ளும், தங்கும் விடுதிகளின் நெரிசலைக் கட்டுப்படுத்த முயன்ற 1939-ன் சென்னை பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது. தேசிய நெறித்தொகுப்பு அதை நம் தட்பவெப்பத்துக்கு ஏற்பச் செப்பனிட்டது: வறண்ட வெப்பப் பகுதியில் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு, ஈரப்பதமுள்ள வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கு, இடைப்பட்ட பகுதியில் எட்டில் ஒரு பங்கு. அறிவுள்ள விதிதான். ஆனால் வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும்வரையே அது உதவும். பங்குனி, சித்திரையின் பிற்பகலில் கிருஷ்ணகிரியில் ஜன்னலைத் திறந்தால் உள்ளே வருவது அனல். பக்கத்துச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்த ஜன்னலும் விதிப்படி ஜன்னலே. அதில் காற்று வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

வியப்பு என்னவென்றால், வீட்டுக்குச் சொல்லாததைத் தொழிற்சாலைக்கு நம் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ம் பிரிவு, தொழிலாளர்களுக்கு நியாயமான வசதி தரும் வெப்பநிலையைப் பேண வேண்டும் என்றதோடு, வெப்பம் கூடியமட்டும் குறைவாக இருக்கும்படியான பொருளால் சுவரும் கூரையும் அமைய வேண்டும் என்றும் கேட்டது. அதன் கீழான மாதிரி விதிகள் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 30 டிகிரி என்ற உச்ச வரம்பையும் வைத்தன. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு இந்தச் சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டுவிட்டது. எப்படியானாலும், கூரையையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பேசும் சட்டமொழி முக்கால் நூற்றாண்டாக நம்மிடம் இருக்கிறது. அது ஆலையின் வாசலோடு நின்றுவிட்டது. எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்துக்கு உள்ள வரம்பு, அந்த உடம்பு ஓய்வெடுத்துத் தேற வேண்டிய இடத்துக்கு இல்லை.

இயந்திரத்தைக் கேட்கும் சட்டங்கள்

நேரடியாகக் குளிர்சாதனத்தைக் கேட்ட சட்டங்களில் அமெரிக்காவின் தென்பகுதி நகரங்கள் முன்னோடிகள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கித் தருவது வீட்டுக்காரரின் கடமை என்ற பழைய விதியின் மறுபக்கமாகவே அவை பிறந்தன. டெக்சாஸின் டாலஸ் நகரம் வாடகை வீட்டின் அறை வெப்பம் சுமார் 29.5 டிகிரியைத் தாண்டாதபடி குளிர்சாதனம் தர வேண்டும் என்கிறது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரம், ஏ.சி. உள்ள வீட்டில் ஏறக்குறைய 28 டிகிரி, ஏர்கூலர் மட்டும் உள்ள வீட்டில் 30 டிகிரி என்று வரம்பு வைத்திருக்கிறது. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி 2020-ல் கோடை மாதங்களுக்கு மட்டும் ஏறக்குறைய 27 டிகிரி என்ற வரம்பை விதித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021-ன் வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 சதவீதம் பேர் இறந்தது கட்டடங்களுக்குள். அதன் பிறகு, புது வீடுகளில் ஓர் அறையாவது 26 டிகிரியைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று 2024-ல் அங்கே கட்டட விதி மாறியது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி 2025-ல் நிறைவேற்றிய விதி இன்னும் நுட்பமானது: ஏறக்குறைய 28 டிகிரி வரம்பை மட்டும் வைத்து, எந்த வழியில் அதை எட்டுவது என்பதை வீட்டுக்காரரிடமே விட்டது.

வளைகுடாவின் அனுபவம் தமிழ்க் குடும்பங்களுக்கு அண்மையானது. ஐக்கிய அரபு அமீரகம் 2009-ல் தொழிலாளர் கூட்டுக் குடியிருப்புகளுக்குத் தரம் வகுத்தபோது குளிர்சாதனத்தையும் அதில் சேர்த்தது. அங்கே அந்த விதி ஓரளவு நடைமுறையில் நிற்பதற்குக் காரணம், வேலை கொடுப்பவரே தங்குமிடமும் கொடுக்கிறார் என்பது. யாரிடம் கேட்பது என்ற குழப்பம் இல்லை. செலவைத் தொழிலாளியின் வாடகையில் ஏற்றவும் வழி குறைவு. இந்தப் பாடம் கிருஷ்ணகிரிக்கு முக்கியம் என்பதால் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

இந்த நிலைப்பாட்டின் பலம் வெளிப்படை: மனிதர் சாகாமல் காக்கும் உறுதியான கருவி இன்றைக்கு ஏ.சி.தான். பலவீனமும் அதே இடத்தில் இருக்கிறது. ஃபீனிக்ஸ் அமைந்துள்ள மரிகோபா கவுண்டியில் 2023-ல் வெப்பத்தால் 645 பேர் இறந்தார்கள். வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோரின் வீட்டில் ஏ.சி. இருந்தது, அது பழுதாகியோ, அணைக்கப்பட்டோ, மின்சாரம் இல்லாமலோ கிடந்தது. சுவரில் பெட்டி இருப்பதும் அறை குளிர்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை. நமக்கும் இதற்கு இணையான ஓர் அனுபவம் உண்டு. 2003-ல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. நாட்டுக்கே வழிகாட்டிய சட்டம் அது. ஆனால் அது கேட்டது அமைப்பை. எவ்வளவு நீர் மண்ணுக்குள் இறங்கியது என்ற விளைவை யாரும் அளக்கவில்லை. தொடக்க ஆண்டுகளின் வேகம் அடங்கியதும், பல கட்டடங்களில் குழாய் மட்டும் நின்றது, குழி தூர்ந்துபோனது. ஏ.சி.யைக் கட்டாயமாக்கினால், ஆய்வு நாளில் ஓடிவிட்டு மின்கட்டண பயத்தில் அணைந்துகிடக்கும் ஏ.சி.க்கள்தான் மிஞ்சும் என்று அஞ்ச இடமிருக்கிறது. கூடவே ஏ.சி. இருப்பதைக் காட்டி அறையின் உயரத்தை 2.4 மீட்டராகக் குறைத்துக் கட்டவும் நெறித்தொகுப்பில் வழி இருக்கிறது. மின்சாரம் போகும் இரவில் அந்தத் தாழ்ந்த அறையின் நிலை என்ன என்பதை விதி எண்ணிப்பார்க்கவில்லை.

‘உடம்பு பழகிக்கொள்ளும்’ என்ற விடை

மேலை நாட்டு வரம்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லும் அறிவியல் மரபு ஒன்று இந்தியாவிலேயே இருக்கிறது. டென்மார்க்கின் ஃபாங்கர் 1970-ல் முன்வைத்த கணக்கு, எல்லா மனித உடம்புக்கும் ஏறக்குறைய ஒரே வசதி வெப்பநிலை என்ற அடிப்படையில் ஏ.சி. அலுவலகங்களின் தரத்தை முடிவு செய்தது. அதற்கு மாறாக, ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் சர்மாவும் ஷராஃபத் அலியும் 1980-களில் வகுத்த வெப்பமண்டலக் கோடைக் குறியீடு, இந்திய உடம்புக்கு 25 முதல் 30 டிகிரி வரை வசதி என்றது. 2010-ல் வெளியான மாதவி இந்திரகண்டியின் ஹைதராபாத் ஆய்வில், ஏ.சி. இல்லாத அடுக்குமாடி வீட்டினர் 29 டிகிரியை ஒட்டிய வெப்பத்தை இயல்பாக உணர்ந்ததும், 32 டிகிரிக்குச் சற்று மேல் வரை தாங்கிக்கொண்டதும் தெரியவந்தது. இத்தகைய ஆய்வுகளின் தொடர்ச்சியாக உருவான இந்தியத் தகவமைப்பு மாதிரி, 2016-ன் தேசிய நெறித்தொகுப்பில் இடம்பெற்றது. வீட்டு ஏ.சி.க்களின் தொடக்க அளவை 2020 ஜனவரி முதல் 24 டிகிரியாக ஆற்றல் திறன் செயலகம் நிர்ணயித்ததும் இதே திசையிலான முடிவுதான்.

இந்த மரபு நமக்குத் தரும் பரிசு பெரியது. 26 டிகிரி என்ற வரம்பை ஓசூரின் மேல் சுமத்தினால் வீணாகும் மின்சாரத்துக்கு அளவே இருக்காது. மின்விசிறி சுழலும்போது 30 டிகிரி நம்மவர்களுக்குத் தாங்கக்கூடியது என்று சான்றோடு சொல்ல முடிகிறது. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தகவமைப்பு என்பது சும்மா நடப்பதில்லை. ஜன்னலைத் திறப்பது, மெல்லிய பருத்தி அணிவது, மொட்டை மாடியில் படுப்பது, மதியம் இரண்டு முறை குளிப்பது, நிழல் பக்கத்து அறைக்கு மாறுவது ஆகியவை எல்லாம் சேர்ந்ததுதான் தகவமைப்பு. பி.ஜி.யில் ஓர் அறையில் ஆறேழு பேரோடு தங்கி, தண்ணீருக்கு வரிசையில் நின்று, மாடிக் கதவு பூட்டியிருக்கும் இடத்தில் வாழும் பெண்ணுக்கு இவற்றில் எது இருக்கிறது? மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் உள்ளவரிடம் எடுத்த அளவை, அது இல்லாதவர் மேல் சாற்றுவது அறிவியலாகாது. ‘ஏழைக்குப் பழகிவிடும்’ என்ற பழைய அலட்சியத்துக்கு அது புள்ளிவிவர உடை போர்த்திவிடும்.

கூரையும் ஷிப்டும்

நான்காவது நிலைப்பாடு கட்டடத்தையே மாற்றச் சொல்கிறது. 2019 மார்ச்சில் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், அப்போது இந்தியக் குடும்பங்களில் ஏறக்குறைய 8 சதவீதத்திடமே ஏ.சி. இருந்ததைச் சுட்டி, 2037-38-க்குள் குளிர்விப்புத் தேவையையே 20 முதல் 25 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தது. 2018-ன் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற ஆற்றல் சேமிப்பு நெறி குடியிருப்புகளின் சுவர், ஜன்னல் வழியே நுழையும் வெப்பத்துக்கும் கூரையின் கடத்துதிறனுக்கும் உச்ச அளவு வகுத்தது. காப்பு ஏதுமில்லாத சாதாரண கான்கிரீட் தளம் அந்த அளவைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையே கொண்டுவந்தது. வெள்ளைப் பூச்சும் பிரதிபலிக்கும் ஓடும் மேல்மாடி அறையின் சூட்டைப் பெரும்பாலும் 2 முதல் 5 டிகிரி வரை குறைப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிக்கும் வெதரிங் கோர்ஸ் தமிழ்நாட்டுக் கொத்தனார்களுக்குத் தெரியாத வேலையல்ல. செலவைக் குறைக்க அதை முதலில் வெட்டுவதே வழக்கமாகிவிட்டது.

இங்கேயும் ஓட்டைகள் உண்டு. சம்ஹிதா முதலில் வெளியானபோது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளையே கணக்கில் எடுத்தது. ஓசூரின் லைன் வீடுகள் நிற்கும் ஆயிரத்து இருநூறு, இரண்டாயிரத்து நானூறு சதுர அடி மனைகள் அதற்கு வெளியே. பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் கூரை எதுவோ அதையே விதி தொடவில்லை. மேலும், மாநிலங்கள் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்தால்தான் அது கட்டாயமாகும்.

ஆனால் தொழில் நகரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இதுவரை பார்த்த எந்த நிலைப்பாடும் அதைச் சரியாகக் கணக்கிடவில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டு வெப்பம் பற்றிய விதிகளும் ஆய்வுகளும் பெரும்பாலும் இரவில் உறங்கும் மனிதரை மனத்தில் வைத்தவை. சிப்காட்டில் மூன்று ஷிப்ட். நைட் ஷிப்ட் முடித்து காலை ஏழு மணிக்கு அறைக்கு வருபவர் எட்டு மணிக்குப் படுத்து பிற்பகல் மூன்று வரை உறங்க வேண்டும். சிமெண்ட் ஷீட்டின் சூடு வெயிலோடு கூடவே உள்ளே இறங்குகிறது; அவர் உறக்கத்தின் பிற்பகுதிதான் அதன் உச்சம். கான்கிரீட் தளம் சூட்டை மூன்று நான்கு மணி நேரம் தாமதித்து விடுவதால், மாலையும் முன்னிரவும் அதற்கு உச்சம். முதல் ஷிப்டுக்காக அதிகாலை எழ வேண்டி, இரவு எட்டு ஒன்பதுக்கே படுப்பவரை அது வாட்டும். பகலில் உறங்க வெளிச்சமும் சத்தமும் தடுக்கப்பட வேண்டும் என்பதால் ஜன்னலைச் சாத்தியாக வேண்டும். காற்றோட்டம் என்ற பழைய விடை அங்கேயே கழன்றுவிடுகிறது. ஓசூரின் குளிர்ந்த இரவுக்காற்றை உள்ளே விட்டுச் சுவரைக் குளிர வைத்து, பகலில் மூடிவைத்தால் கனமான சுவர் கொண்ட அறை நண்பகலிலும் இதமாக இருக்கும் என்பது கட்டடக்கலைப் பாடம். அந்த இரவில் அறையில் இருக்க வேண்டியவர்கள் ஆலையில் இருக்கிறார்கள்; அறை பூட்டியிருக்கிறது. திருட்டுக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலும் பூட்டியிருக்கிறது. நெரிசல் வேறு. உறங்கும் மனித உடம்பு ஏறக்குறைய 70 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. எட்டுப் பேர் உறங்கும் அறையில் அரைக் கிலோவாட்டுக்கு மேலான ஹீட்டர் ஓயாமல் எரிவதற்குச் சமம். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதி வெப்ப விதியும் ஆகிறது.

உறக்கம் கெட்ட தொழிலாளி அடுத்த இரவு பிரஸ் முன்னாலோ அசெம்பிளி லைனிலோ நிற்கிறார். அவர் விரலின் பாதுகாப்பு அந்தப் பகல் உறக்கத்தையும் சார்ந்திருக்கிறது. ஆகவே ‘இரவு வெப்பம் இவ்வளவு’ என்று எழுதப்படும் விதி ஓசூருக்குப் போதாது. எந்த மணியில் உறங்கினாலும் உறங்கும் இடத்தின் வெப்பம் வரம்பைத் தாண்டக் கூடாது என்று எழுதப்பட வேண்டும். நல்ல கூரையும் நெரிசல் குறைப்பும் ஓசூரின் பெரும்பாலான நாள்களில் அதை எட்டிவிடக்கூடும். பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் மே மாத நண்பகலில் அவை மட்டும் போதும் என்று சொல்லத் துணிய முடியாது. 40 டிகிரியை நெருங்கும் காற்றை மின்விசிறி சுழற்றுவது உதவியைவிடத் தொல்லையாகவே முடியலாம். அங்கே இயந்திரம் தேவை. கட்டடம் செய்யக்கூடியதைச் செய்த பின் எஞ்சும் சூட்டுக்கு மட்டும் அது தேவை.

எதிர்ப்புகள்

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது பணம் பற்றியது. எந்தக் கடமையை விதித்தாலும் வீட்டுக்காரர் அதை வாடகையில் ஏற்றுவார் என்பது உண்மை. ஏ.சி. ஆணைக்கு இது முழுமையாகப் பொருந்தும். ஒரு டன் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தாறு யூனிட் செலவாகும். இரண்டு மாதக் கணக்கில் முந்நூறுக்கு மேல். முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகையில் வாழும் குடும்பத்தை இது 500 யூனிட்டுக்கு மேல் தள்ளிவிட்டால், கீழ்ப்படிகளின் குறைந்த விகிதமும் போய்விடும். ஒரே மீட்டரில் பல அறைகளுக்கு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் இடங்களில் அடி இன்னும் பலமாக விழும். மாநிலத்தின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது, ஏ.சி. பெருகப் பெருக அந்த உச்சம் உயரும். ஃபீனிக்ஸில் ஏ.சி.க்கள் வெளியேற்றும் சூட்டால் மட்டும் நகரின் சில இடங்களில் இரவு வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் கூடுவதாக 2014-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. குறுகிய சந்துகளில் நெருங்கி நிற்கும் லைன் வீடுகளில் ஒருவரின் குளிர்ச்சி எதிர்வீட்டின் அனலாகும். கூரையைச் சீராக்குவதும் இலவசமல்ல. ஆனால் அது ஒருமுறைச் செலவு. மாதந்தோறும் தொழிலாளியின் சம்பளத்தில் கை வைப்பதில்லை. சிறு லைன் வீட்டுக்காரரிடம் கூரைச் சீரமைப்பை மட்டும், அதுவும் மானியத்தோடு கேட்பதும், வளைகுடாவைப் போல வேலை கொடுப்பவரே தங்குமிடமும் தரும் ஆலை விடுதியிடம் முழு வரம்பையும் கேட்பதும் ஒரே விதிக்குள் முரண்படாமல் நிற்கும். மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் 1979-லேயே ஏற்ற தங்குமிடம் தரும் கடமையை ஒப்பந்ததாரர்மேல் வைத்தது. ஏற்றது என்பதற்கு அளவுகோல் வைக்காமல் விட்டதுதான் குறை.

இரண்டாவது எதிர்ப்பு சமத்துவத்தின் பக்கமிருந்து வருகிறது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மேலாளர் ஏ.சி.யில் உறங்குகிறார், தொழிலாளிக்கு வெள்ளைப் பூச்சா? கட்டடத்தின் வழியே குளிர்ச்சி என்பது ஏழைக்கான இரண்டாம் தரம் ஆகிவிடாதா? விளைவைக் கேட்காமல் கூரைப்பூச்சை மட்டும் கேட்கும் திட்டங்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். வரம்பு எல்லோருக்கும் ஒன்றாக இருந்து, கூரையும் காற்றும் அதை எட்டாத இடத்தில் ஏ.சி. தருவது கடமையாகவும் இருந்தால் பொருந்தாது. மனிதர் வளர ஏற்ற தங்குமிடம் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1990-ல் சாந்திஸ்டார் பில்டர்ஸ் வழக்கிலும், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காப்பு பெறும் உரிமை உண்டு என்று 2024-ல் ரஞ்சித்சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்தது. இறந்த பின் கடமையை ஏற்கும் அரசு, அதற்கு முந்தைய கடமையை மறுப்பது கடினம்.

மூன்றாவது, எல்லை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகத்தின் விதிகள். ஓசூரில் படுத்து பொம்மசந்திராவில் வேலை செய்பவர்களும், எதிர்த்திசையில் போய்வருபவர்களும் நிறைய. ஓசூர் மாநகராட்சி மட்டும் ஒரு விதி செய்தால், பி.ஜி.க்கள் ஆனேக்கல் பக்கமோ, மாநகராட்சி எல்லைக்கு வெளியே ஊராட்சிகளுக்கோ நகரும் என்று சொல்லப்படுகிறது. ஆனேக்கல் பற்றிய அச்சம் மிகையாகத் தோன்றுகிறது. எல்லைக்கு இப்பால் வாடகை குறைவு என்பதால்தான் பலர் இங்கே தங்குகிறார்கள். ஊராட்சிகள் பற்றியது நியாயமான கவலை. புதிய ஆலைகளும் அவற்றின் விடுதிகளும் எழுவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே இந்த விதி மாநகராட்சியின் துணைவிதியாக இருப்பதைவிட மாநிலக் கட்டட விதிகளின் பகுதியாக, உயரத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற அட்டவணையோடு இருப்பது மேல்.

தீராமல் நிற்பவை

இவ்வளவுக்குப் பிறகும் சில கேள்விகளுக்கு உறுதியான விடை சொல்லும் நிலையில் நாம் இல்லை. முதலாவது, எண். 30 டிகிரி என்பது மேலே கண்ட ஆய்வுகளோடு ஒத்துப்போகும் தொடக்கமாக இருக்கலாம். ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் விழித்திருப்பவரின் வசதியைக் கேட்டு எழுதியவை. பகலில், நெரிசலான அறையில், இரவு முழுதும் உழைத்துவிட்டு உறங்கும் உடம்புக்கு எது வரம்பு என்பதை இந்தப் பகுதியிலேயே அளந்துதான் அறிய வேண்டும். அதற்கு விலை மலிவான பதிவுக்கருவிகளும், ஒரு கோடை முழுவதும் அவற்றை அறைகளில் வைக்கும் அனுமதியும் போதும். கூரைக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவை ஒப்பிடும் கணக்குகளும் அந்தப் பதிவுகள் கிடைத்த பின்பே நம்பத்தக்கவையாகும்.

இரண்டாவது, யார் பார்ப்பது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆலைக்குள் வெப்பத்தை அளக்கத் தெரிந்த துறை. விடுதி அதன் எல்லைக்குள் இல்லை. பெண்கள் விடுதிகளுக்கு 2014-ன் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உரிமம் உண்டு. உரிமம் புதுப்பிக்கும்போது கோடை மாதங்களின் வெப்பப் பதிவைக் கேட்பது பெரிய மாற்றமல்ல. ஆண்கள் தங்கும் பி.ஜி.க்களுக்கு இதற்கு இணையான தனிச்சட்டம் இல்லை. அங்கே மாநகராட்சியா, தொழிலாளர் துறையா என்பது பேசித் தீர்க்க வேண்டியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே வகைக் குடியிருப்புகள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் பெருகும் என்று எதிர்பார்க்கலாம். ஒரே வரைபடத்தில் பல்லாயிரம் படுக்கைகள் எழும்போது, கூரையின் கடத்துதிறனையும் உறங்கும் நேர வரம்பையும் ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிட்டால் ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவாக இருக்கும். கட்டி முடித்த பிறகு அதே வரம்பை எட்ட ஒவ்வோர் அறையிலும் ஏ.சி. மாட்ட வேண்டிவரும். பழைய லைன் வீடுகளுக்கான விதி எப்போது வருகிறதோ தெரியாது. இன்னும் அஸ்திவாரம் தோண்டாத விடுதிகளுக்கான விதியை அதற்காகக் காத்திருக்க வைக்கக் காரணம் எதுவும் தென்படவில்லை.